சிம்கோ ஏரியில பேர்ச் பிடிக்கிறது எப்பிடி, எதை வாளிக்குள்ள போடுறது, எதைத் திருப்பி விடுறது

ஜனவரி பிறந்தால் எங்கட வீட்டில போன் அடிக்கிறது ஒரே கேள்விக்குத்தான், "ஐஸ் பிடிச்சிட்டுதோ?" கனடாவில, ரொறன்ரோ ஸ்காபறோவில இருந்து வடக்கால ஒரு மணித்தியாலம் கார் ஓடினால் சிம்கோ ஏரி, குளிர்காலத்தில ஐஸில துளை போட்டு மீன் பிடிக்க அந்த ஐஸுக்கு மேல ஒரு ஊரே எழும்பி நிக்கும், அதுக்குள்ள இப்ப எங்கட ஆக்களும் கனபேர், ஐஸுக்கு மேல வைக்கிற ஒரு ஹட்டுக்குள்ள, அதுதான் சின்னக் குடிலுக்குள்ள, இருந்து கொத்துரொட்டி மணக்குது எண்டால் ஆர் எண்டு தட்டிப் பாக்கத் தேவையில்லை. எல்லாரும் தேடிப்போறது யெல்லோ பேர்ச் எண்ட மீனை. எப்பிடிப் பிடிக்கிறது எண்டு சொல்லித்தர கன வீடியோ கிடக்கு. பிடிச்ச பிறகு எதை வைக்கிறது, எதை விடுறது எண்டு சொல்லுற ஆக்கள்தான் குறைவு. ரெண்டும் ஒரே வேலையின்ர ரெண்டு பக்கம் எண்டு எனக்கே பிந்தித்தான் விளங்கினது, அதுதான் இதை இவ்வளவு நீட்டா எழுதுறன்.

முதல்ல மீனைத் தெரிஞ்சுகொள்ளுங்கோ

மஞ்சள் உடம்பு, முதுகில இருந்து கீழ இறங்குற 6 தொடக்கம் 8 வரையான கறுப்புப் பட்டி, வயித்துப்பக்கச் செட்டை செம்மஞ்சள். முதுகு முள்ளு குத்தும், செவிள் மூடியின்ர நுனியும் வெட்டும், அதால தலைப்பக்கமா இருந்து முதுகு முள்ளை மடக்கிப் பிடிச்சுத்தான் தூக்கோணும். ஊரில பேர்ச் எண்டு சொல்லுற பனையேறிக்கும் இதுக்கும் சொந்தமில்லை, இதின்ர சொந்தக்காரன் இஞ்சத்தை வோல்ஐ. ருசி எண்டால் என்னைக் கேட்டால் கிழங்கான் மாதிரி, வெள்ளைச் சதை, மணமில்லை.

இந்த மீனைப் பற்றி நாலு விசயம் தெரிஞ்சால் மிச்சம் தானா விளங்கும். ஒண்டு, இது கண்ணால பாத்துத்தான் சாப்பிடும், அதால பகலில மட்டும்தான் கொத்தும், இருட்டினால் கடை பூட்டினமாதிரி. ரெண்டு, ஒரே அளவு மீன் ஒரே கூட்டமாத் திரியும், ஒரு துளையில சின்னனாவே வந்துகொண்டிருந்தால் அங்க இருந்து பிரயோசனமில்லை. மூண்டு, பெரிசா வளருறது பொம்பிளை மீன்தான், ஆம்பிளை மீன் சின்னனிலயே பருவத்துக்கு வந்து சின்னனாவே நிண்டுபோகும், ஒரு அடிக்கு மேல ஒண்டு வந்தால் அது அனேகமா அம்மாதான். நாலாவது, ஐஸ் உருகினாப்பிறகு ஏப்ரல், மே மாசத்தில தண்ணி 7, 8 பாகைக்கு ஏற கரைப்பக்கம் வந்து முட்டை போடும். அந்த முட்டை ஒரு நீட்டு நாடா, மடிச்சு மடிச்சு பீலி வைச்ச சேலைக்கரை மாதிரி, தண்ணிக்குள்ள கிடக்கிற கொப்பு, பாசி எல்லாத்திலயும் சுத்திக்கொண்டு கிடக்கும். சின்னப் பொம்பிளை மீன் சில ஆயிரம் முட்டை போடும், பெரிசு பல பத்தாயிரம்.

வீட்டை விட்டு வெளிக்கிட முதல்

18 தொடக்கம் 64 வயசு வரையான ஒன்ராறியோ ஆக்களுக்கு லைசென்ஸ் வேணும், அவுட்டோர்ஸ் கார்ட்டோட சேத்து எடுக்கிறது. ஸ்போர்ட், கொன்சர்வேஷன் எண்டு ரெண்டு விதம் இருக்கு. சிம்கோ இருக்கிற 16ஆம் மீன்பிடி வலயத்தில ஸ்போர்ட் லைசென்ஸுக்கு ஒரு நாளைக்கு 50 பேர்ச், கொன்சர்வேஷனுக்கு 25. சட்டம் வருசா வருசம் மாறலாம், அதால போறதுக்கு முதல் நாள் மாகாண அரசாங்கத்தின்ர மீன்பிடி விதிகளை ஒருக்கா திறந்து பாருங்கோ. பெப்ரவரி ஃபமிலி டே வார இறுதியில லைசென்ஸ் இல்லாமலும் பிடிக்கலாம், ஆனால் கொன்சர்வேஷன் லிமிட்தான்.

இனி எங்கட ஆக்கள் மாட்டுப்படுற இடம். 50 எண்டது ஒரு நாளைக்கு 50 மட்டுமில்லை, உங்கட கையில இருக்கக்கூடிய மொத்தமும் அதுதான். வீட்டு ஃபிறீசருக்குள்ள கிடக்கிறதும் கணக்கு. சனிக்கிழமை 50 பிடிச்சு ஃபிறீசருக்குள்ள போட்டிட்டு ஞாயித்துக்கிழமை திரும்பப் போய் ஒண்டு பிடிச்சு வைச்சாலும் பிழை. எங்கட அத்தான் ஒருக்கா ஐஸில வைச்சு மீன்பிடிச் சட்டம் பாக்கிற ஒஃபிசர் வந்து வாளியை எண்ணேக்க நெஞ்சை நிமித்திக்கொண்டு "48!" எண்டார். அந்த மனிசன் சிரிச்சுக்கொண்டு "வீட்டில எவ்வளவு?" எண்டு கேட்டது. அத்தான்ர முகம் ஐஸை விட வெளிறிப்போச்சு. நல்ல காலம், முதல் கிழமைதான் மனிசி எல்லாத்தையும் பொரிச்சு முடிச்சிருந்தவ.

வாளிக்குள்ள போட்ட மீனை, பெரிசு வந்த உடன எடுத்து விட்டிட்டு மாத்தவும் ஏலாது. அதால வைக்கிறதோ விடுறதோ எண்ட முடிவை துளைக்குப் பக்கத்திலயே, மீன் கையில இருக்கேக்க எடுக்கோணும். பிடிச்ச மீனை விக்கிறது சட்டவிரோதம், மாமிக்குக் குடுத்தால் அது மாமியின்ர லிமிட்டுக்குள்ள போகும்.

ஐஸ்: இதில மட்டும் வீரம் வேண்டாம்

நடக்கிறதுக்கு 10 சென்ரிமீற்றர் காணும் எண்டு சொல்லுறவை இருக்கினம், கனடா செஞ்சிலுவைச் சங்கம் 15 எண்டு சொல்லுது, நான் 15ஐத்தான் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். அதுவும் தெளிவான நீல ஐஸுக்கு. பால் மாதிரி வெள்ளையா இருந்தால் பலம் அரைவாசிதான், அப்ப தடிப்பு ரெண்டு மடங்கு வேணும். ஆறு வந்து விழுற இடம், ஒடுக்கமான இடம், நீட்டு வெடிப்பு விட்ட இடம், இதுகளுக்குக் கிட்டப் போகாதேங்கோ. முன்னுக்குப் போறவர் இரும்புக் கம்பியால ஒவ்வொரு சில அடிக்கும் குத்திக் குத்திப் போகோணும், ஒரு குத்தில தண்ணி வந்தால் வந்த வழியாலயே திரும்புறது. கழுத்தில ஐஸ் பிக், பிடி வைச்ச கூர் ஆணி, ரெண்டு, பத்து டொலர்தான், விழுந்தால் அதாலதான் ஐஸைக் குத்திப் பிடிச்சு, காலை அடிச்சு, வந்த பக்கமாவே ஏறோணும், ஏறினால் எழும்பி நிக்காமல் உருண்டுகொண்டு வரோணும்.

2023-24 குளிர்காலம் ஐஸ் சரியாப் பிடிக்கேல்லை, நாங்கள் ஒருக்காவும் போகேல்லை. கவலைதான். ஆனால் மீன் அங்கதான் நிக்குது.

சாமான்

இதில காசைக் கொட்டத் தேவையில்லை. ரெண்டு, இரண்டரை அடி நீளமான மெல்லிய ஐஸ் றொட், சின்ன ரீல், 4 இறாத்தல் லைன், அதில முள்ளோட கூடின பொய் இரை, சின்ன ஜிக் அல்லது ஸ்பூன் எண்டு சொல்லுறது. ஐஸில துளை போடுற ஓகர் 6 அங்குலம் காணும், கையால சுத்துறதே போதும், அஞ்சாவது துளையோட ஜக்கெட்டைக் கழட்டிப்போட்டு நிப்பியள். துளைக்குள்ள மிதக்கிற ஐஸை அள்ளுறதுக்கு ஓட்டைக் கரண்டி ஒண்டு வேணும், கடையில விக்கினம், நான் கொண்டுபோறது வடை பொரிக்கிற கரண்டி, மனிசிக்குத் தெரியும். மீன் எந்த ஆழத்தில நிக்குது எண்டு காட்டுற சோனார் இருந்தால் நல்லது, இல்லாட்டியும் பிடிக்கலாம். பொடியளோட போறதெண்டால் முதல் முறை ஹட் வாடகைக்கு எடுங்கோ, சூடும் இருக்கும், துளையும் போட்டுத் தருவினம். சொந்தமா ஹட் வைக்கிறதெண்டால் பதிவு நம்பர் எடுக்கோணும், துணிக் கூடாரம் 7 சதுர மீற்றருக்குள்ள எண்டால் தேவையில்லை.

இரைக்கு சிம்கோவில பேர் போனது எமரல்ட் ஷைனர் எண்ட மினோ, வெள்ளி நிறச் சின்ன மீன். இரையை நீங்கள் மீன் பிடிக்கப்போற ஏரிக்குக் கிட்ட, லைசென்ஸ் உள்ள கடையில வாங்குங்கோ, ரிசீற்றைக் கிழிச்சு எறியாதேங்கோ. ஒரு பகுதியில வாங்கின உயிர் மினோவை இன்னொரு பகுதிக்குக் கொண்டுபோகக் கூடாது. மிஞ்சினதையோ அந்த வாளித் தண்ணியையோ ஏரிக்குள்ளயோ கரையில இருந்து 30 மீற்றருக்குள்ளயோ ஊத்தக் கூடாது. சும்மா சொல்லுறேல்லை. ரவுண்ட் கோபி எண்டு ஒரு மீன், கறுப்புக்கடல் பக்கத்தைச் சேந்தது, கப்பல் தண்ணியோட கிரேட் லேக்ஸ் எண்ட பெரிய ஏரிகளுக்கு வந்து, பிறகு 2000களில சிம்கோவுக்குள்ளயும் பூந்திட்டுது. ஸீப்ரா சிப்பி எண்ட இன்னொரு வந்தேறி அதுக்கும் முதலே 90களில வந்திட்டுது. இப்ப பேர்ச்சின்ர வயித்தை வெட்டினால் அரைவாசி செமிச்ச கோபி கிடக்கும். பேர்ச்சுக்கு அது சாப்பாடு, ஆனால் இன்னொரு ஏரிக்கு நாங்கள் ஒரு வாளியால அதைக் கொண்டுபோய்க் குடுக்கத் தேவையில்லை.

இடம், துளை, கொத்து

சீசன் துவக்கத்தில குக்ஸ் பே நல்லம். ஏரியின்ர தெற்கு மூலை, ஆழம் குறைவு, முதல் ஐஸ் பிடிக்கிறதும் அங்க, 3 தொடக்கம் 6 மீற்றர் ஆழத்தில பாசி முடியுற ஓரமாப் பாருங்கோ. பிறகு பிறகு மீன் ஆழத்துக்கு நகரும், மார்ச்சில முட்டையோட திரும்பக் கரைப்பக்கம் சாயும். ஏரியின்ர ஆகக்கூடிய ஆழம் 40 மீற்றரைத் தாண்டும், அது கெம்பன்ஃபெல்ட் பேயில, அங்க எங்களுக்கு வேலையில்லை.

ஒரே துளையில குந்திக்கொண்டு இருக்காதேங்கோ. வந்த உடன வரிசையா 6, 8 துளை போட்டிட்டு, ஒவ்வொண்டிலயும் 10 நிமிசம். ஒன்ராறியோவில ஐஸுக்கு ரெண்டு லைன் பாவிக்கலாம், நான் ஒண்டை ஆட்டுறன், மற்றதில மினோவைக் கொழுவி சும்மா விடுறன். ஆட்டுறது எண்டால் இப்பிடி: ஜிக்கை அடிவரைக்கும் விட்டு, சேத்தில ரெண்டுதரம் தட்டுங்கோ, புழுதி கிளம்பும், அதைப் பாக்க வருவினம். பிறகு ஒரு அடி தூக்கி அசையாமல் பிடிங்கோ. அந்த அசையாத நேரத்திலதான் கொத்துறது. அடிச்சு இழுக்கும் எண்டு பாத்துக்கொண்டிருந்தால் ஏமாந்துபோவியள், சின்னப் பிள்ளை சட்டை நுனியைப் பிடிச்சு இழுக்கிறமாதிரி ஒரு சின்ன டிக், சிலவேளை லைன் தளருறது மட்டும்தான் தெரியும். உடன மணிக்கட்டால தூக்கோணும், தோளால இழுத்தால் வாய் கிழியும். மீன் வந்தால் கெதியாக் கழட்டித் திரும்ப இறக்குங்கோ, கூட்டம் கனநேரம் நிக்காது. விடிய ஒண்டு, பின்னேரம் 3 மணிக்குப் பிறகு ஒண்டு, ரெண்டு நல்ல நேரம் இருக்கு. நடுவில ரின்மீன் சம்பலும் பாணும்.

ஆழத்தில பிடிச்சதை விட்டாலும் தப்பாது

இதை நான் ஒரு முழு நாள் பிழைவிட்டுத்தான் படிச்சனான். 16 மீற்றர் ஆழம், நல்ல கொத்து, ஆனால் எல்லாம் சின்னன். நான் பெரிய மனசோட ஒவ்வொண்டாத் திருப்பி விட்டுக்கொண்டிருந்தனான், இருவது மீனுக்குக் கிட்ட வரும். அத்தான் பக்கத்துத் துளையில இருந்து ஒண்டும் கதைக்கேல்லை. வெளிக்கிடேக்க ஓகரை எடுத்து பத்தடி தள்ளி ஒரு துளை போட்டார், போட்ட உடன அதுக்குள்ளால மூண்டு பேர்ச் வயித்தைக் காட்டிக்கொண்டு மேல வந்து மிதந்துது. வாய்க்குள்ளால இளஞ்சிவப்பா ஒரு பை வெளியில தள்ளிக்கொண்டு நிண்டது.

"நீ விட்ட பிள்ளையள்தான், வீட்டை போகாமல் கூரையில ஒட்டிக்கொண்டு நிக்கினம்" எண்டார்.

காரணம் இதுதான். பேர்ச்சுக்கு உடம்புக்குள்ள ஒரு காத்துப்பை இருக்கு, அந்தக் காத்தை வாயால வெளியில விட அதால ஏலாது. ஆழத்தில அமுக்கம் கூட, மேல இழுக்க இழுக்க பை ஊதும், ஊதி இரைப்பையை வாய்க்குள்ளால தள்ளும். கீழ போக ஏலாமல் மிதந்து, ஐஸின்ர அடியில போய் ஒட்டும், துளையில காணேல்லை எண்டால் தப்பிட்டுது எண்டு நாங்கள் நினைப்பம். ஊசியால குத்திக் காத்தை எடுக்கலாம் எண்டு சிலபேர் சொல்லுவினம், தெரியாத கையால குத்தினால் அது இரைப்பையைத்தான் ஓட்டையாக்கும்.

அதால நான் பிடிச்சிருக்கிற ஒழுங்கு: 10 மீற்றருக்கு உள்ளுக்க எண்டால் பிரிச்செடுத்து விடலாம். அதுக்கு மேல ஆழம் எண்டால் வாற மீன் எல்லாம் வாளிக்கு எண்டு நினைச்சுக்கொண்டு பிடிக்கிறது, சின்னனா வந்தால் மூண்டாவது மீனோட இடத்தை மாத்துறது. சாப்பிடக்கூடிய மீனைப் பழுதாக விடுறது ஒன்ராறியோவில சட்டப்படியும் பிழை.

ஆழமில்லாத இடத்தில விடுறதெண்டாலும் கெதியா விடோணும். −15 குளிரில ஐஸுக்கு மேல போட்டு படம் எடுத்துக்கொண்டிருந்தால் கண்ணும் செவிளும் உறைஞ்சுபோகும்.

அப்ப எதை வைக்கிறது?

சட்டத்தில பேர்ச்சுக்கு இத்தனை அங்குலம் எண்டு ஒண்டும் இல்லை, இது என்ர கணக்கு. 20 தொடக்கம் 26 சென்ரிமீற்றர் வரை வைக்கிறன், சதையும் வரும், அந்த அளவில ஏரியில எண்ணிக்கையும் கூட. 30க்கு மேல எண்டால், ஆழம் குறைஞ்ச இடமா இருந்தால், விடுறன். முக்கியமா பெப்ரவரி கடைசி, மார்ச்சில. அந்த நேரம் வயிறு பலாக்கொட்டை அடைச்சமாதிரி இருக்கும், அது முழுக்க முட்டை. ஆம்பிளை மீனை மெல்ல அமத்தினால் பால் வரும், அதை யோசிக்காமல் வைக்கலாம்.

"50 தாறாங்கள், நீ என்ன 20ஓட எழும்புறாய்?" எண்டு அத்தான் இப்பவும் கேப்பார். என்ர மறுமொழி, 50 மீன் வெட்டி முடிய இரவு 11 மணி ஆகும், ஆர் வெட்டுறது? அதுவும் உண்மைதான். ஆனால் மற்றக் காரணமும் இருக்கு. பேர்ச் எண்ணிக்கை எங்கட தூண்டிலால மட்டும் ஏறி இறங்குறேல்லை. இளவேனில் சூடு, காத்து எல்லாம் சரியா அமைஞ்ச வருசத்துக் குஞ்சு பெருந்தொகையாத் தப்பும், பிறகு அடுத்த நாலு, அஞ்சு வருசம் அந்த ஒரு வருசத்துப் பட்டாளம்தான் எல்லாற்ர வாளிக்குள்ளயும் வாறது. நல்ல வருசம் அமையாமல் ரெண்டு மூண்டு வருசம் போனால் மிஞ்சியிருக்கிற பெரிய பொம்பிளை மீன்தான் முதல். அந்த முதலை எடுத்துப் பொரிச்சால் பிறகு வட்டி எங்கால வாறது?

ஈரி ஏரியில இதை அரசாங்கங்கள் கணக்கா செய்யினம். ஒன்ராறியோவும் மிச்சிகன், ஒஹாயோ, பென்சில்வேனியா, நியூயோர்க் மாநிலங்களும் ஒவ்வொரு வருசமும் ஒண்டா இருந்து இவ்வளவுதான் பேர்ச் எடுக்கலாம் எண்டு பங்கு பிரிப்பினம், ஏனெண்டால் அங்க வலை போட்டு யாவாரம். சிம்கோவில தூண்டில் மட்டும்தான், அதால கணக்கு எங்கட கையில. ஐஸில ஆரும் வந்து "எத்தனை பிடிச்சியள், எத்தனை மணித்தியாலம் இருந்தனியள்" எண்டு அரசாங்கக் கணக்கெடுப்புக்குக் கேட்டால் பயந்து குறைச்சுச் சொல்லாதேங்கோ. அந்த நம்பரை வைச்சுத்தான் லிமிட் போடுறது.

வெட்டுறதும், எலும்பில வயசு பாக்கிறதும்

செவிளுக்குப் பின்னால முள்ளு வரைக்கும் வெட்டி, கத்தியைப் படுக்க வைச்சு வாலுக்கு இழுங்கோ, பிறகு தோலை உரிச்சால் சரி, செதில் எடுக்கிற வேலை இல்லை. ஐஸில வைச்சோ வழியிலயோ வெட்டினால் தோலில ஒரு துண்டை விட்டு, எண்ணக்கூடியமாதிரிக் கட்டுங்கோ, என்ன மீன், எத்தனை எண்டு ஒஃபிசருக்குத் தெரியோணும். சதையில கறுப்புப் புள்ளியோ சின்ன மஞ்சள் புழுக்கட்டியோ இருந்தால் எறியாதேங்கோ, அது ஒட்டுண்ணி, கிளறி எடுத்திட்டு வடிவாப் பொரிச்சால் ஒண்டும் செய்யாது. உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள், கொஞ்சம் தேசிப்புளி, அரை மணித்தியாலம் ஊற வைச்சுப் பொரிக்கிறது. மா, முட்டை எல்லாம் வெள்ளைக்காரற்ர வேலை.

வெட்டேக்க செவிள் மூடி எலும்பை எறியாமல் ரெண்டு மூண்டை எடுத்து வையுங்கோ. கொதிதண்ணியில ரெண்டு நிமிசம் போட்டு, பழைய பல்லுத்தூரிகையால உரசினால் தோல் கழண்டு முக்கோணமா, கண்ணாடி மாதிரி ஒரு எலும்பு வரும். காய விட்டு வெளிச்சத்துக்குப் பிடிச்சால் வளையம் வளையமாத் தெரியும், மரத்தை அறுத்தால் தெரியுறமாதிரி, ஒரு குளிர்காலத்துக்கு ஒண்டு. எங்கட வீட்டில இப்ப அது சின்னவளின்ர வேலை.

சின்ன ஏரியில எல்லாம் தலைகீழ்

இவ்வளவும் சிம்கோ மாதிரிப் பெரிய ஏரிக்கு. கொட்டேஜ் பக்கத்துச் சின்ன ஏரியளில வேற வருத்தம், மீன் குறைவில்லை, மீன் கூட. பைக், வோல்ஐ, பாஸ் மாதிரிப் பிடிச்சுத் தின்னுற மீன் குறைஞ்சு, பாசி கூடி, குஞ்செல்லாம் தப்பினால் எல்லாருக்கும் சாப்பாடு காணாமல் முழுக்கூட்டமும் குறண்டிப்போகும். பாக்கச் சின்னன், வயசு கூட. அங்க போய் "சின்னன் பாவம்" எண்டு விட்டால் அது பாவமில்லை, பிழை. சின்னனை லிமிட் வரைக்கும் வைச்சு, பைக்கையும் பாஸையும் பெரிய பேர்ச்சையும்தான் விடோணும், பெரிய பேர்ச் சின்னப் பேர்ச்சைத் தின்னும்.

இது பழைய அறிவு. இங்கிலாந்தில விண்டர்மியர் ஏரியில 1941இல, யுத்தத்துக்கு மீன் தட்டுப்பாடு, கோழிவலை மாதிரிக் கம்பிவலையால கூடு செய்து, இரையே போடாமல் ஏரிக்குள்ள இறக்கிப் பேர்ச்சைக் கூட்டங்கூட்டமா எடுத்தவை. அதை ரின்னில அடைச்சு பேர்ச்சீன்ஸ் எண்டு பேர் வைச்சு வித்ததும் நடந்தது, அவையின்ர ரின்மீன். எண்ணிக்கை குறைய, மிஞ்சின பேர்ச் நல்லா வளந்தது எண்டு அங்க ஆராய்ச்சி செய்த ஆக்கள் வருசக்கணக்கா இருந்து பாத்து எழுதினவை, வயசு பாத்ததும் இதே செவிள் எலும்பிலதான். பிறகு 1976இல ஒரு நோய் வந்து வளந்த மீன் கிட்டத்தட்ட எல்லாத்தையும் அழிச்சது வேற கதை.

ஆனால் தூண்டிலால மட்டும் ஒரு ஏரியைத் திருத்தலாம் எண்டு நான் சொல்ல மாட்டன், உதவும், அவ்வளவுதான். பைக்கைக் கொண்டுவந்து விடுவம் எண்டு ஆரும் வெளிக்கிட வேண்டாம், அனுமதி இல்லாமல் ஏரிக்குள்ள மீன் விடுறது குற்றம். சொந்தக் குளம் எண்டாலும் முதல்ல மாகாண இயற்கைவள அமைச்சின்ர அலுவலகத்தில கேளுங்கோ. வேற இடங்களில முட்டை போடுற நேரம் மரக்கொப்பை இறக்கி வைச்சு, நாடா சுத்தினாப்பிறகு கொப்போட தூக்கி எறியுறவை, அதையும் கேக்காமல் செய்யாதேங்கோ.

போன கோடையில ஹலிபேர்ட்டன் பக்கம் ஒரு சின்ன ஏரியில கொட்டேஜ் எடுத்தனாங்கள். டொக்கில இருந்து பொடியள் நாள் முழுக்கப் பேர்ச், எல்லாம் 13 சென்ரிமீற்றர், ஒண்டும் கூடேல்லை, குறையேல்லை. ரெண்டு எலும்பைக் கொதிதண்ணியில போட்டம். சின்னவள் ஜன்னலுக்குப் பிடிச்சு எண்ணினாள், ஆறு. திரும்ப எண்ணச் சொன்னன், ஆறுதான். "அப்பா, இது என்னோட ஒரே வயசு" எண்டாள். அண்டைக்கு ஒண்டையும் விடேல்லை. ஃபில்லட் எடுக்கச் சதையில்லை, செதிலைச் சுரண்டி, குடலை எடுத்து, சூடை பொரிக்கிறமாதிரி முழுசா மொறுமொறு எண்டு பொரிச்சு இறக்க, அத்தான் வாலைப் பிடிச்சுக்கொண்டு தலையில இருந்து கடிச்சார், முள்ளும் மிஞ்சேல்லை.